அப்பனின் குற்றம் பிள்ளையின் தலையெழுத்தா?

கேள்வி: என் அண்ணனின் மகனை இரண்டு ஆண்டுகளாக நான்தான் வளர்த்து வருகிறேன். அவனுக்கு இப்போது 11 வயது. அண்ணன் குடித்துவிட்டு அண்ணியை அடிப்பார். பையனும் அடி வாங்கி வளர்ந்தவன். அண்ணி நோயில் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டே அண்ணன் ஒரு தகராறில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டுச் சிறைக்குப் போனார். கடந்த மூன்று மாதங்களில் பையன் இரண்டு முறை என் பையிலிருந்து பணம் எடுத்திருக்கிறான். சென்ற வாரம் உடன் படிக்கும் ஒருவனை மூக்கில் ரத்தம் வரும்படி அடித்துவிட்டான். கேட்டால், 'என்னைப் பார்த்துச் சிரித்தான்' என்கிறான். அந்தப் பையன் வேறு எதற்கோ சிரித்ததாக ஆசிரியை சொல்கிறார். 'அப்பன் ரத்தம் சும்மா விடுமா' என்று உறவினர்கள் பேசுகிறார்கள். கண்டிப்பான விடுதியில் சேர்க்கச் சொல்கிறார் ஒருவர். சிறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவான் என்கிறார் இன்னொருவர். நான் வேலைக்குப் போவதால் மாலையில் மூன்று மணி நேரம் அவன் தனியாக இருக்கிறான். அப்பாவைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. ஆனால் ஒரு நாள் இரவு, 'அத்தை, நானும் அப்பா மாதிரி ஆயிடுவேனா?' என்று கேட்டான். 'பேசாமல் படு' என்று சொல்லிவிட்டேன். மற்றபடி நல்ல பையன்தான். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து படுப்பான், அவ்வளவுதான். அவன் குற்றவாளியாகிவிடுவானா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவன் குற்றவாளியாகிவிடுவான் என்று சொல்வதற்கு நான் அறிந்த எந்த ஆய்வும் இடம் தரவில்லை. கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கும் அவை இடம் தரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்களும் அவனும் இருக்கிறீர்கள். அந்த நடுவிடத்தில் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சட்டத்தோடு மோதிய சிறுவர்களுடன் பல ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோரின் கதையை விசாரித்தால், உங்கள் அண்ணன் வீட்டில் நடந்தது போன்ற ஏதோ ஒன்று அதில் இருக்கும். உங்கள் உறவினர்களின் பேச்சுக்கு அடிப்படையும் இதுதான். சிறையில் இருப்பவர்களைப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் போய், அவர்களுடைய குழந்தைப் பருவத்தில் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்வி முன்னோக்கிப் போகிறது. அடிபட்டு வளர்ந்த எல்லாக் குழந்தைகளையும் வரிசையில் நிறுத்தி, அவர்களில் எத்தனை பேர் பிற்காலத்தில் குற்றத்தில் போய் விழுந்தார்கள் என்று கேட்டால், கிடைக்கும் விடை முற்றிலும் வேறு. அமெரிக்காவில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1966-இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு இதை முதலில் தெளிவாகக் காட்டியது. சமூகத்துக்கு ஒவ்வாத நடத்தை கொண்ட பெரியவர்களில் ஏறத்தாழ அனைவருமே சிறு வயதிலும் அப்படி நடந்துகொண்டவர்கள்தாம். ஆனால் சிறு வயதில் அப்படி நடந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தபின் அப்படி ஆகவில்லை. இந்த இரண்டு கூற்றுகளையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் பல குழந்தைகள் அநியாயமாகக் கைவிடப்படுகிறார்கள்.

எண்களையும் மறைக்காமல் சொல்கிறேன். தெற்கு லண்டனில் 1961-இல் தொடங்கி, 8, 9 வயதுச் சிறுவர்கள் 411 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. டொனால்ட் வெஸ்ட் தொடங்கி, டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்து நடத்தியது. தண்டனை பெற்ற தந்தையரின் மகன்களில் 63 சதவீதம் பேர் தாமும் ஏதோ ஒரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மற்றவர்களில் அது 30 சதவீதம். இருமடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் திருட்டு போன்ற ஒரு குற்றத்துக்காக வாழ்நாளில் ஒரே ஒரு முறை நீதிமன்றம் ஏறியவரும் இந்தக் கணக்கில் வருவார் என்பதையும், தந்தை தண்டிக்கப்பட்டிருந்தும் ஒருமுறைகூட அப்படி ஆகாத மகன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அடிபட்டோ கவனிப்பாரற்றோ வளர்ந்ததாக நீதிமன்ற ஆவணங்களால் உறுதியான 908 குழந்தைகளை, அதே வயதும் பின்னணியும் கொண்ட 667 பேருடன் ஒப்பிட்டு, கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 18 வயதுக்குள் கைதானவர்கள் முதல் பிரிவில் 26 சதவீதம், இரண்டாம் பிரிவில் 17 சதவீதம். கொடுமைக்கு ஆளான நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேர் அந்த வயதுக்குள் கைதாகவே இல்லை. அவர்களுக்கு வலிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. வலியை அவர்கள் பிறர்மேல் இறக்கிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, ரத்தம் என்ற பேச்சு. டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவேடுகளைச் சார்னாஃப் மெட்னிக் குழுவினர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். ஆண்களில், பெற்றவர்களும் வளர்த்தவர்களும் குற்றம் செய்யாதவர்களாக இருந்தபோது 13.5 சதவீதம் பேர் தண்டனை பெற்றிருந்தனர். பெற்றவர் மட்டும் குற்றம் செய்தவராக இருந்தபோது அது 20 சதவீதம். ஆகவே பிறப்புக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை. பிற்காலத்தில் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து நடந்த பெரிய ஆய்வுகள் வன்முறையிலும் மரபுக்கு ஓரளவு பங்கு இருப்பதாகக் காட்டின என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனினும் மரபின் வழியாக வருவது குற்றம் அன்று. சட்டென்று சினம் ஏறுவது, யோசிக்கும் முன் கை நீள்வது, ஓரிடத்தில் நிலைத்து உட்கார முடியாதது போன்ற இயல்புகள்தாம் வரக்கூடும். அதே இயல்புகளோடு பிறந்து, அவற்றைக் கையாளக் கற்றுக்கொண்டு, ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்கிறவர்கள் எண்ணற்றவர்கள். பெற்றவர் குற்றவாளியாக இருந்து வேறு வீட்டில் வளர்ந்த அந்த ஆண்களில் 80 சதவீதம் பேர் எந்தத் தண்டனையும் பெறவில்லை என்பதை, அடுத்த முறை 'அப்பன் ரத்தம்' என்ற சொல் காதில் விழும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒரு வீட்டின் வன்முறை பிள்ளைக்குள் எந்த வழியாகப் போகிறது? இதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் 'அவ்வளவுதான்' என்று முடித்துவிட்ட வரியில் இருக்கிறது. இரவில் எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கும் குழந்தை, ஆபத்து எப்போது வேண்டுமானாலும் வாசல் வழியாக உள்ளே வரும் என்று உடம்பால் கற்றுக்கொண்ட குழந்தை. அப்பா எந்த நிலையில் வருகிறார் என்பதைக் காலடி ஓசையை வைத்தே கணித்து, அம்மாவுக்கு முன்பே விழித்திருந்து பழகியவன் அவன். அந்த வீட்டில் அந்த விழிப்பு அவனைக் காத்தது. இந்த வீட்டில் அதற்குத் தேவையில்லை என்று நீங்களும் நானும் அறிவோம். அவன் உடம்பு இன்னும் அறியவில்லை. கென்னத் டாட்ஜும் அவருடைய குழுவினரும் 309 சிறு குழந்தைகளை ஆராய்ந்து 1990-இல் எழுதியது இதைத்தான். வீட்டில் அடிபட்ட குழந்தைகள் பிறருடைய செயலில் இல்லாத பகையைக் காண்கிறார்கள். தவறுதலாக ஒருவன் இடித்தால் வேண்டுமென்றே இடித்தான் என்று கொள்கிறார்கள். அதற்குப் பதில் அடி ஒன்றே அவர்கள் மனத்தில் முதலில் எழுகிறது. உங்கள் பையன் அந்த மாணவனை அடித்ததும், இரவில் தாழ்ப்பாளைப் போய்ப் பார்ப்பதும் ஒரே அச்சத்தின் இரண்டு முகங்கள். 'சிரித்தான்' என்று அவன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவன் கண்ணுக்கு அது அப்படித்தான் பட்டிருக்கும்.

ஆகவே அடித்ததற்காக அவனை நீங்கள் அடித்தால், உலகத்தைப் பற்றி அவன் முன்பே கற்ற பாடத்தை மறுபடி உறுதிப்படுத்துவீர்கள். அடியாத மாடு படியாது என்பார்கள். அடித்துப் படியவைத்த பிள்ளைகளை நான் என் அறையில் நிறையவே பார்த்திருக்கிறேன், அவர்கள் யாரும் படிந்திருக்கவில்லை. அடித்ததற்கும் பணம் எடுத்ததற்கும் விளைவு நிச்சயம் இருக்க வேண்டும். ஆனால் அந்த விளைவு சிறியதாக, உடனடியாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். அடிபட்ட மாணவனிடம் அவன் நேரில் சென்று மன்னிப்புக் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எடுத்த பணத்தை வீட்டு வேலை செய்து திருப்பிக் கொடுக்கட்டும், கணக்கு முடிந்த அன்று அந்தப் பேச்சும் முடிந்துவிட வேண்டும். ஒரு நாள் களைப்பில் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, மறுநாள் அதே தவறுக்கு வெடித்துக் கத்துவதுதான் மிகவும் கெடுதலானது. அவன் அப்பாவின் வீட்டில் நடந்ததும் அதுவே: எதற்கு அடி விழும், எதற்கு விழாது என்று எவராலும் சொல்ல முடியாத வீடு அது. பணம் எதற்காக எடுத்தான் என்று கோபம் தணிந்தபின் கேட்டீர்களா? தின்பதற்கா, நண்பர்களிடையே மதிப்புப் பெறுவதற்கா, யாராவது மிரட்டிக் கேட்டார்களா? எந்த நேரத்திலும் ஓடிப்போக நேரலாம் என்று சேர்த்துவைக்கும் பிள்ளைகளும் உண்டு; பயந்து வளர்ந்தவர்களிடம் இதை நான் கண்டிருக்கிறேன்.

விடுதியைப் பற்றியும் சிறையைக் காட்டுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் முறை உலகம் பரிசோதித்துப் பார்த்துத் தோற்ற முறை. 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சிறை ஒன்றில், ஆயுள் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டவைத்து, இனி தவறு செய்யமாட்டார்கள் என்று நம்பினார்கள். பிறகு பல இடங்களிலும் அதைப் பின்பற்றினார்கள். அப்படி அழைத்துச் செல்லப்பட்டவர்களையும் செல்லப்படாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களைவிட இவர்களே பின்னர் அதிகமாகக் குற்றம் செய்திருந்தது தெரிந்தது. உங்கள் பையனுக்கோ அந்தச் சிறை வெறும் எச்சரிக்கைப் படம் அன்று, அவன் அப்பா இருக்கும் இடம். அதை அவனுக்கான மிரட்டலாக ஆக்குவது கொடுமை. விடுதியைப் பொறுத்தவரை, தாயை மரணத்திலும் தந்தையைச் சிறையிலும் இழந்த பிள்ளை மூன்றாவது முறையாகத் தன் மனிதரை இழப்பான். சிக்கலில் உள்ள சிறுவர்களை ஒரே கூரையின்கீழ் சேர்த்துவைப்பதிலும் ஆபத்து உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் சிறுவர்களின் நன்மைக்காகவே தொடங்கிய ஒரு திட்டத்தை 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் சோதித்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சிறந்திருக்கவில்லை. கோடை முகாம்களுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் தீய விளைவே மிகுந்திருந்தது.

மாலை மூன்று மணி நேரத் தனிமைதான் நீங்கள் உடனே கை வைக்கக்கூடிய இடம். பிள்ளைகளின் பிற்காலக் குற்றத்தோடு இணைத்து ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்லும் குடும்பக் காரணங்களில் கண்காணிப்புக் குறைவு முன்வரிசையில் நிற்கிறது. இதை வேலைக்குப் போகும் பெண்ணின் குற்றமாகப் பேசுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. வறுமை பிள்ளையைக் கெடுக்கும் வழிகளில் ஒன்று, வளர்ப்பவரின் நேரத்தைப் பறிப்பது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 குழந்தைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவர்களில் நான்கில் ஒரு பங்கினரான பழங்குடிக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு 1996 முதல் ஒரு புதிய வருமானம் கிடைக்கத் தொடங்கியது. அதனால் வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டு நடத்தைகள் குறைந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க இயன்றதே அதற்கு வழியாக இருந்தது. வருமானத்தை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று நான் உங்களிடம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அவன் யாரோ ஒரு பெரியவரின் பார்வையில் இருக்க வழி தேடலாம்: பள்ளியிலேயே நடக்கும் விளையாட்டுப் பயிற்சி, நம்பிக்கையான ஓர் உறவினர் வீடு, நூலகம், ஒரு கைத்தொழில் வகுப்பு, எதுவாயினும் சரி. கண்காணிப்பு என்றதும் பையைச் சோதிப்பதும் கைப்பேசியைத் துருவுவதும் நினைவுக்கு வரலாம். ஆனால் ஸ்வீடனில் ஹாகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000-இல் எழுதியது போல, பிள்ளைகள் எங்கே, யாருடன் இருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிவது பெரும்பாலும் பிள்ளைகள் தாமாகவே சொல்வதால்தான். சொன்னால் திட்டு விழாது என்று தெரிந்த வீட்டில்தான் பிள்ளைகள் சொல்வார்கள்.

அப்பாவைப் பற்றிப் பேசாமல் இருப்பதை இனி விட்டுவிடுங்கள். தெற்கு லண்டன் சிறுவர்களையே மறுபடி ஆராய்ந்தபோது, தந்தையோ தாயோ சிறை சென்றதால் பிரிவுக்கு ஆளானவர்கள், நோய், மரணம், மணமுறிவு போன்ற காரணங்களால் பிரிவுக்கு ஆளானவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். பிரிவோடு அவமானமும் மௌனமும் சேர்ந்துகொள்வது இதில் ஒரு பங்கு வகிக்கிறது என்பது என் கருத்து. இறந்தவரைப் பற்றி அழலாம். சிறையில் இருப்பவரைப் பற்றி அழக்கூட அனுமதி இல்லை. அவனுக்கு உண்மை ஏற்கெனவே தெரியும், அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. 'உன் அப்பா ஒருவரைக் காயப்படுத்தினார், அது பெரிய தவறு, அதற்காகச் சிறையில் இருக்கிறார். அவரை நீ நினைத்துக்கொள்வதும் அவர்மேல் கோபப்படுவதும் தவறில்லை' என்று சொல்லலாம். போய்ப் பார்க்க வேண்டுமா என்பதை அவன் விருப்பத்துக்கு விடுங்கள்; வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், வேண்டும் என்றால் முதலில் கடிதத்தில் தொடங்கலாம்.

உறவினர்களின் வாயை அடைப்பது கடினம் என்று அறிவேன், இருந்தாலும் அவன் காதுபட அந்தப் பேச்சு விழக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு பிள்ளையைக் குற்றவாளி என்று வெளிப்படையாக முத்திரை குத்துவதே அவனை மேலும் அந்த வழியில் தள்ளுகிறது என்பதை ஃபாரிங்டன் அந்தத் தெற்கு லண்டன் சிறுவர்களிடமே கண்டார். ஒரே அளவு தவறு செய்த சிறுவர்களில், நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களின் தவறுகள் பின்னர் கூடின. நீதிமன்றத்தின் சொல்லே அப்படி வேலை செய்யுமானால், நாள்தோறும் வீட்டில் விழும் சொல் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பேசுகிறவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், 'பையன் முன்னால் இதைப் பேச வேண்டாம்' என்று அவன் கேட்கும்படியே சொல்லுங்கள். நீங்கள் அவன் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அவன் தன் காதால் கேட்க வேண்டும்.

தாழ்ப்பாள் விஷயத்துக்காக ஒரு குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இந்த மாதமே பாருங்கள். அச்சத்திலிருந்து மீளக் குழந்தைகளுக்கென்றே நல்ல பேச்சு வழிச் சிகிச்சைகள் இருக்கின்றன. அச்சம் தணிந்தால் கை நீள்வதும் பெரும்பாலும் தணியும். அதுவரை, இரவில் அவன் எழும்போது நீங்களும் எழுந்து, அவனோடு சேர்ந்தே ஒரு முறை தாழ்ப்பாளைப் பாருங்கள். 'அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ப் படு' என்பதைவிட அது பயன் தரும். விலங்குகளைத் துன்புறுத்துவது, தீ வைப்பது, ஆயுதம் வைத்துக்கொள்வது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் எந்தச் சிக்கலிலும் சிக்காமல் நல்ல மனிதராக வளர்ந்தார். இளமையில் தவறிய மற்றவர்களிலும் பெரும்பாலோர் பின்னர் மீண்டார்கள். தேறியவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோர் தவறிய இடத்தில் தம்மை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர்: பாட்டி, அக்காள், ஆசிரியர், சில வீடுகளில் அத்தை. நீங்கள் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவருவது அந்த வேலைதான்.

கடைசியாக, அன்று இரவு அவன் கேட்ட கேள்வி. அது இன்னும் விடையின்றி நிற்கிறது. 'பேசாமல் படு' என்பதை 'ஆமாம்' என்றே அவன் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். நீங்களாகவே அந்தப் பேச்சை எடுங்கள், விளக்கை அணைத்தபின் பக்கத்தில் உட்கார்ந்து. 'அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. உனக்கு அப்பாவின் மூக்கு இருக்கிறது, நடை இருக்கிறது, கோபம்கூடக் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கோபம் வந்தபின் என்ன செய்வது என்பது உன் கையில் இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ள நான் கூட இருப்பேன்' என்று சொல்லுங்கள். 'நிச்சயமாக ஆகமாட்டாய்' என்று சத்தியம் செய்ய வேண்டாம். பிள்ளைகள் அதை நம்புவதில்லை, அடுத்த முறை கை ஓங்கும்போது அந்தச் சத்தியமே உடைந்துவிட்டதாக எண்ணுவார்கள். ஒரு முறை சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். அவன் மறுபடி கேட்பான், பதினான்கு வயதில் வேறு சொற்களில் கேட்பான், ஒருவேளை கேட்காமல் கதவை அறைந்து சாத்திக்கொள்வான். அப்போதும் இதே பதிலைச் சொல்லுங்கள்.